நிசேயா விதித்தது பன்னிரண்டு வருடம்

சூசைபுரம், கறம்பக்குடி
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. நானும் லூர்துமேரியும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதினால் அவருடைய இடது முழங்கால் ஆட்சேபிக்கும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். ஆகவே மதருக்கும் வணக்கம். அவருடைய உடம்பையும் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளட்டும்.

ஊரெல்லாம் போனில் பேசும் காலத்தில் உனக்காக மட்டும் தபால்தலை வாங்குகிறேன். என் தலையைக் கண்டதும் தபால் ஆபீஸ்காரர், "சார், மடத்துக்கா?" என்று பசை டப்பாவை நகர்த்தி வைக்கிறார்.

இங்கே செய்தி இதுதான். நிசேயா நகரில் ஆயர்களின் சங்கம் கூடி இந்த வருடத்தோடு ஆயிரத்து எழுநூறு ஆண்டு ஆகிறது. புதுப் பங்குச் சாமிக்கு வயது முப்பத்தொன்று. ஆகவே எதையாவது கொண்டாட வேண்டும் என்று நினைக்கிறார். நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. "ரோமாபுரியில நம்ம வேதக்காரங்க அடிபட்ட காலத்துலேர்ந்து சட்டம் ஏத்துக்கிட்ட காலம் வரைக்கும் சார், சுருக்கமா, ஞாயிறு பூசை முடிஞ்சு பத்து பத்து நிமிஷம்" என்றார். முந்நூறு வருடத் துன்பத்தை இட்லி ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். இதுவரை மூன்று வாரம் பேசியிருக்கிறேன். சிங்கம் வந்த வாரத்தில் மட்டும் யாரும் எழுந்து போகவில்லை.

அப்பா விஷயம். அவர் பழையபடி கோயிலின் பக்கவாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றுதான் பூசை பார்க்கிறார். சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாது என்று நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்கிறார். இப்போதெல்லாம் திருநாளுக்கு மட்டும்தான் புகை போடுகிறார்கள். புகை இல்லாத ஞாயிறிலும் அவர் வெளியேதான். நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன் என்கிறார். பூசையில் தரும் நன்மை அப்பம் வாங்கவும் உள்ளே வருவதில்லை. போன ஞாயிறு மயங்கிச் சாய்ந்துவிட்டார். ஏழு சைக்கிளும் இரண்டு ஸ்கூட்டியும் வரிசையாக விழுந்தன. அப்பாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் டாக்டர், "எண்பத்து மூணு வயசு, இதயம் பலவீனம். இன்னொரு தடவை வெயில்ல நின்னு விழுந்தாருன்னா எந்திரிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னால், "எனக்கும் பாடம் எடுக்குறியா" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். "உள்ளே போய் உட்காருங்கள் அப்பா" என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிதான் வேண்டும்.

உன் ஜெபத்தில் எங்களை நினைக்கும்,
தம்பி சார்லஸ்


கார்மேல் மடம்
26 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி சார்லசுக்கு,

சேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். என் இருமல் விட்டுவிட்டது. அதை இப்போது சமையல்கட்டுச் சகோதரி வைத்திருக்கிறார். மதர் உன் வணக்கத்தை வாங்கிக்கொண்டு, தமக்கு இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாக எழுதச் சொன்னார். லூர்துமேரியின் கைவலி எப்படி?

தோட்டத்தில் அவரை காய்த்துத் தள்ளுகிறது. மூன்று வாரமாக மதியமும் இரவும் அவரைக்காய். நன்றி சொல்லித்தான் சாப்பிடுகிறோம். சிலர் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்கள்.

உன் வகுப்புகள் பற்றி மகிழ்ச்சி. என் பெயர்க்காரி, வேதத்துக்காக உயிரைவிட்ட பெர்பெத்துவம்மாளைப் பற்றியும் சொல்வாய் என்று நினைக்கிறேன். வேதத்தை மறுத்துவிடு மகளே என்று அவளுடைய அப்பா மறுபடி மறுபடி வந்து கெஞ்சியதையும், அவள் மாட்டேன் என்றதையும் மார்ச் ஏழாம் தேதி சாப்பாட்டு மேசையில் நான்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாக வாசித்துவிடுகிறேன். மேலும், காட்டிக் கொடுத்தவர்களைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது. துன்பகாலம் முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

அப்பாவை வற்புறுத்தாதே. வேப்ப எண்ணெய் காய்ச்சி முழங்காலுக்குத் தடவு.

ஜெபத்தில்,
அக்கா பெர்பெத்துவா


சூசைபுரம்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. லூர்துமேரியின் கை இப்போது என்னைத் தோசைக் கரண்டியால் மிரட்டும் அளவுக்குத் தேறிவிட்டது. வேப்ப எண்ணெய் தடவினோம். முழங்காலைவிட வீடு அதிகம் மணக்கிறது. மதரின் இரத்த அழுத்தம் அறிந்து சந்தோஷம்.

காட்டிக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருந்தாய். வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை. டிராஜன் என்ற பேரரசர், பெயர் போடாத புகாரை வாங்காதே என்று ஓர் ஆளுநருக்கு எழுதினார். அதன் பிறகு புகார்கள் பெயரோடு வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றைய பேச்சு சான்றிதழ்களைப் பற்றி. கி.பி. 250-இல் டேசியஸ் என்ற பேரரசர், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், இட்டேன் என்று அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். சில இடங்களில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போதும். அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், வயது, அங்க அடையாளத்துக்கு ஒரு தழும்பு, சாட்சிக் கையெழுத்து. நம் தாலுகா ஆபீஸ் படிவத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று தேடிப் பார்த்தேன்; தொலைபேசி எண்ணுக்குக் கட்டம் இல்லை. சிங்கத்திடம் போனவர்கள் சிலர். சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள் பலர். சிங்கம் தின்றவர்களுக்குச் சந்ததி குறைவாகத்தான் இருக்கும், ஆகவே நாமெல்லாம் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். பங்குச் சாமி இருமினார்.

பிறகு கான்ஸ்டன்டைன் வந்தார், சட்டம் நம்மை ஏற்றுக்கொண்டது, பறித்த கோயில்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது: பயந்துபோய் மறுத்தவர்களை என்ன செய்வது? நிசேயாவில் கூடிய ஆயர்கள், வற்புறுத்தல் இல்லாமலே மறுத்தவர்களுக்கும் ஒரு கெடு வைத்தார்கள். மூன்று வருடம் வாசகங்களைக் கேட்கலாம். ஏழு வருடம் முழந்தாள். இன்னும் இரண்டு வருடம் ஜெபத்தில் சேரலாம், நன்மை கிடையாது. ஆகப் பன்னிரண்டு வருடம், பிறகு உள்ளே. இதை மைக்கில் சொன்னேன். பக்கவாசல் திறந்திருந்தது.

மதியம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்:

"சார்லசு, அந்தப் பன்னெண்டு வருசம்னியே, அது முடிஞ்சா அவுகளா உள்ள போயிரலாமா, இல்ல யாராச்சும் வந்து கூப்புடணுமா?"

"ஆயர் கூப்பிடுவாருப்பா."

"கூப்புட மறந்துட்டாருன்னா?"

"அப்படி எங்கயும் எழுதலையே."

"எழுதியிருக்க மாட்டாக" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

லூர்துமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 1981-இல் உன்னைக் கறம்பக்குடி அரசு விடுதியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டியிருந்தது. கிறிஸ்தவன் என்று எழுதினால் வேறு பட்டியல். அந்தப் பட்டியலுக்கு அந்த விடுதியில் இடம் இல்லை. கோயில் மாறினால் சாதி போய்விடும் என்று அரசாங்கம் நம்பியது. கோயிலுக்குள் யாரும் அதை நம்பவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அப்பா திருநீறு பூசிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய், தங்கமுத்து, இந்து என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில்தான் நீ படித்தாய். இரண்டு வருடம் கழித்து நானும் அதே விடுதிக்கு வந்தேன். நம் படிப்பு முடிந்ததும் தாளை அடுப்பில் போட்டுவிட்டாராம்.

இது அப்போதைய பங்குச் சாமி இன்னாசி அடிகளுக்குத் தெரிந்துவிட்டது. "நான் சொல்ற வரைக்கும் நீ வெளிய நில்லு" என்றிருக்கிறார். அது ஏப்ரல். மே மாதம் அவருக்கு மாற்றல். சொல்லாமலே போய்விட்டார். பின்னால் வந்த பதினோரு சாமியார்களுக்கும் இப்படி ஒரு தண்டனை இருப்பதே தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை. "சொன்னவுகதானப்பா எடுக்கணும்" என்கிறார். புகை என்பது நமக்காகச் சொன்ன கதை.

நிசேயாவில் முந்நூறு ஆயர்கள் சேர்ந்து விதித்தது பன்னிரண்டு வருடம். நம் ஊரில் ஒரே ஒரு மறதி விதித்தது நாற்பத்து நான்கு.

இன்னாசி சாமிக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று கேட்டேன். "அது இப்ப எதுக்கு" என்று கை கழுவப் போய்விட்டார். அப்போது உனக்குப் பத்து வயது இருக்குமே, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

மதர் இந்தக் கடிதத்தைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவரும் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளட்டும்.

தம்பி சார்லஸ்


கார்மேல் மடம்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நான் சுகம். கடிதம் கிடைத்தது.

புதன்கிழமை தவசு காலம் தொடங்குகிறது. உயிர்ப்புத் திருநாள் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வருவதைப் பிரிப்பதும் இல்லை. உனக்குத் தெரிந்ததுதான்.

அவரைக் கொடியைப் பிடுங்கிவிட்டோம்.

பெர்பெத்துவா


சூசைபுரம், கறம்பக்குடி
19 மார்ச் 2025

மதிப்புக்குரிய இன்னாசி அடிகளாருக்கு,

தோத்திரம். தங்கள் உடல்நலமும் கண்பார்வையும் நன்றாக இருக்க வேண்டுகிறேன். தஞ்சாவூர் குருக்கள் ஓய்வு இல்லத்தில் தாங்கள் இருப்பதை எங்கள் பங்குச் சாமி விசாரித்துச் சொன்னார். நான் சூசைபுரம் தங்கமுத்துவின் மகன் சார்லஸ். கிணறு வெட்டும் தங்கமுத்து. ஞானஸ்நானப் பெயர் ஞானப்பிரகாசம். தாங்கள் இங்கிருந்து போனபோது எனக்கு எட்டு வயது.

சுருக்கமாக எழுதுகிறேன். 1981 ஏப்ரல் மாதம் என் தந்தையைக் கோயிலுக்கு வெளியே நிற்கச் சொன்னீர்கள். தாங்கள் சொல்லும் வரை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் இன்னும் நிற்கிறார்.

தங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. தாங்கள் சொன்னதை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்டவர் இந்தப் பங்கில் வேறு யாரும் இல்லை என்பதைத் தங்களுக்குத் தெரியப்படுத்தவே எழுதுகிறேன். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. இதயம் பலவீனம். அடுத்த கோடையை வெளியே நின்று தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். தாங்கள் ஒரு வரி எழுதினால் உள்ளே கூட்டிப் போவேன்.

தங்கள் பணிவுள்ள,
சார்லஸ்


குருக்கள் ஓய்வு இல்லம்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள சார்லசுக்கு,

இறை ஆசீர். என் கண் ஒன்று போதுமான அளவு தெரிகிறது. கை நடுங்குவதால் எழுத்து இப்படி. இதை எழுத மூன்று நாள் ஆனது.

முதல் நாள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டுக் கிழித்தேன். எனக்கு நினைவிருந்தது மாற்றல் வந்த நாளில் ஒருவர் தலைச்சுமையாகப் பலாப்பழம் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றியது மட்டும். ஜீப் புறப்படும் வரை அவர் கைகட்டிக்கொண்டு ஏதோ கேட்க நினைப்பவர் போல நின்றார். பழத்துக்கு நன்றி சொன்னேன். இரண்டாம் நாள்தான் அவர் யார் என்று விளங்கியது.

இரண்டு மூன்று வாரம் நிற்கட்டும், பிறகு கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு ஒரு சமாதானமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு விஷயத்தைச் சொன்னது ஒரு சிறு பெண். ஞானோபதேச வகுப்பில் வேதசாட்சிகளைப் பற்றி நடத்திவிட்டு, "நம்ம ஊர்ல யாராச்சும் ஆண்டவரை மறுத்திருக்காகளா?" என்று கேட்டேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கி, எழுந்து நின்று சொன்னாள். அப்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது தலை நிமிர முடியவில்லை. பெர்பெத்துவம்மாள் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவள் யாரென்று எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியுமானால், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லுங்கள்.

தங்கமுத்துவை உள்ளே போகச் சொல்லுங்கள். இதுவே என் உத்தரவு.

இன்னாசி


சூசைபுரம்
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து. உனக்கும் மதருக்கும் சமையல்கட்டுச் சகோதரிக்கும் உடம்பு தேவலையா? தவசு காலத்தில் நீ பிரிக்காத என் கடிதம் எதுவும் இல்லை, நான் எழுதவில்லை. ஆனால் இன்னாசி சாமிக்கு எழுதினேன், பதிலும் வந்தது. மனுஷர் மறந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, அப்பாவை உள்ளே போகச் சொல்லி எழுதிவிட்டார். யார் காட்டிக் கொடுத்தார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இல்லையாம். தொண்ணூற்றொரு வயது, கேட்பதும் நியாயம் இல்லை.

நான் ஜெயித்த பெருமையோடு கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக் கையெழுத்தைப் பார்த்தார்.

"சாமி எழுத்துதான். கை நடுங்குது போல, பாவம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை உள்ள போலாம்ல?"

"கடுதாசியிலயா? என்கிட்ட வாயால சொன்னாகப்பா. வாயாலதான் எடுக்கணும்."

"அவரால வர முடியாதுப்பா."

"அப்ப இருக்கட்டும். நான் என்ன வெளியூர்லயா நிக்கிறேன்."

பிறகுதான் உண்மையான சிக்கலைச் சொன்னார். "இன்னொண்ணு சார்லசு. உள்ள போனா முதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணணும். செஞ்சதைச் சாமிகிட்ட எடுத்துச் சொல்லி, வருத்தப்படுறேன்னும் சொல்லணும். நான் வருத்தப்படலையே. நீங்க ரெண்டு பேரும் படிச்சீகள்ல. ஒவ்வொரு நாளும் காலையில அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டுத்தான் கஞ்சி குடிக்கிறேன். காலையில நன்றி சொல்லிட்டு மதியானம் வருத்தப்படுறேன்னு எப்புடிச் சொல்றது? ஏற்கனவே ஒரு பொய் எழுதிக் குடுத்தாச்சு. ரெண்டாவது ஒண்ணு கோயிலுக்குள்ள வச்சா?"

பங்குச் சாமியிடம் இதைச் சொன்னேன். குருமடத்தில் ஏழு வருடம் படித்தும் இந்தக் கேள்வி வரவில்லை என்றார். நிசேயாவில் கூட வரவில்லை, சாமி, என்று ஆறுதல் சொன்னேன். சங்கத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் அன்றைக்கு ஞானஸ்நானமே வாங்கியிருக்கவில்லை. அவரை உள்ளே விட்டார்கள்.

கத்திரி வெயில் நெருங்குகிறது. நான் என்ன செய்யட்டும் அக்கா?

சார்லஸ்


கார்மேல் மடம்
18 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்தவர் உங்களோடு இருப்பாராக. லூர்துமேரியின் கையையும் அப்பாவின் காலையும் உன் பொறுமையையும் விசாரித்தேன் என்று சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்காமலே அனுப்பலாமா என்று மதரிடம் கேட்டேன். உறையைத் தாமே ஒட்டித் தந்தார்.

நான்தான் சொன்னேன், சார்லஸ்.

அப்பாவோடு தாலுகா ஆபீசுக்கு நானும் போயிருந்தேன். படிவத்தில் என் பெயரை எழுத எழுத்துக்கூட்டிச் சொன்னதே நான்தான். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. வரும் வழியில் வாய்க்காலில் முகம் கழுவினார். எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் ஞானோபதேச வகுப்பில் சாமி, நம் ஊரில் யாராவது மறுத்திருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் தெரிந்தால் கை தூக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். பெர்பெத்துவம்மாள் படம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா வெளியே நின்றார். புகை என்றார். நான் நம்பவில்லை. நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

மடத்தில் செவந்திக்குப் பதில் என்ன பெயர் வேண்டும் என்று கேட்டபோது அந்தப் படத்தின் பெயரைச் சொன்னேன். பக்தியுள்ள பெண் என்று மெச்சினார்கள். மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அவளுக்கு அப்பா வந்து மறுத்துவிடு என்று கெஞ்சினார். என் அப்பா கெஞ்சவில்லை, எனக்காகத் தானே போய் மறுத்துவிட்டு வந்து வெளியே நின்றுகொண்டார். அந்த விடுதியும் படிப்பும் இல்லாவிட்டால் நான் இந்த மடத்துக்குள்ளும் வந்திருக்க மாட்டேன். கோயிலுக்குப் பத்தடி தூரத்தில் இவ்வளவு வருடம் வாழ்கிறேன். அவர் நிற்கும் தூரமும் பத்தடிதான்.

"உள்ளே போய் உட்காருங்கள்" என்று நீ கேட்ட வரியை ஜனவரியில் நான்கு முறை எழுதினேன். அதை எழுத எனக்கு என்ன உரிமை என்று கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுகிறேன்: உள்ளே போய் உட்காருங்கள் அப்பா.

இதை அவருக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அவருக்குத் தெரியாமலே இருந்திருந்தால், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறைக்காமல் எழுது.

செவந்தி


சூசைபுரம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. எல்லோரும் சுகம். இந்த முறை முழங்காலும் சேர்த்து.

முதலில் ஒரு மன்னிப்பு. இன்னாசி சாமிக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினேன். இருந்தது. படத்தின் பெயரையும் எழுதியிருந்தார். அவள்மேல் குற்றமில்லை என்று சொல்லச் சொன்னார். இருபத்தெட்டு வருடமாக வரலாறு நடத்துகிறவன் ஓர் ஆதாரத்தை மறைத்தது இதுவே முதல் முறை. நீயாகச் சொல்லும் வரை எனக்கு எதுவும் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே அப்பாவுக்குப் படித்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

நேற்று தூய ஆவி திருநாள். காலை ஏழரைக்குக் கோயில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து இன்னாசி சாமியை இரண்டு பேர் இறக்கினார்கள். நான் கூப்பிடவில்லை. வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டுமாம் என்று மட்டும் அவருக்கு எழுதியிருந்தேன். இல்லத்துக் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே வருகைப் பாடல் தொடங்கிவிட்டது.

நேராகச் சைக்கிள்களுக்கு நடுவே போனார்.

"தங்கமுத்து."

"தோத்திரம் சாமி. சாப்டீகளா?"

"உள்ள வாய்யா."

"வாரேன் சாமி. அதுக்கு முந்தி ஒண்ணு. நான் செஞ்சதுக்கு எனக்கு வருத்தமில்ல. பிள்ளைக படிச்சிருச்சுக. இதைச் சொல்லாம வந்தா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும்."

இன்னாசி சாமி ஒரு சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்பட வேண்டியவன் நானு. மூணு வாரம்னு நெனச்சேன்யா. மறந்தே போனேன். அன்னைக்கு ஜீப்புக்குப் பக்கத்துல நின்னியே, ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"ஊருக்குப் போற மனுசன்கிட்ட எப்புடிக் கேக்குறது சாமி."

"என்னை மன்னிச்சிரு."

"அட, விடுங்க சாமி. நெழல்ல நில்லுங்க முதல்ல."

"நீ வருத்தப்படாததுக்கு வருத்தப்படச் சொல்ல மாட்டேன். வேற ஏதாச்சும் இருக்கா?"

அப்பா யோசித்தார். "இருக்கு சாமி. ஒண்ணு இருக்கு."

"அதைச் சொல்லு. போதும்."

இரண்டு பேருக்கும் காது மந்தம். ஆகவே அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்காக நாங்கள் எல்லோரும் தெருமுனை வரை போய் நிற்க வேண்டியதாயிற்று. பாடகர் குழு வருகைப் பாடலை மூன்று முறை பாடி முடித்து நான்காவது முறை தொடங்கியது. பிறகு பக்கவாசலின் மூன்று படிகளில் இருவரும் ஏறினார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அந்த மனிதர் எப்போதும் உள்ளே வருகிறவர் போல நகர்ந்து இடம் விட்டார்கள். நன்மை வாங்கும்போது அப்பாவுக்கு நாக்கை நீட்டுவதா கையை நீட்டுவதா என்று தெரியவில்லை. அவர் வெளியே போனபோது நாக்கு, இப்போது கை. இன்னாசி சாமியே கொடுத்தார்.

என்னுடைய பத்து நிமிடப் பேச்சு நேற்று ரத்து. சட்டம் ஏற்றுக்கொண்ட காலத்தைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் "பேனா குடு" என்றார். உனக்கு எழுதுகிறார். நான் படிக்கக் கூடாதாம். தபால்தலை ஒட்டுவது மட்டும் என் வேலை.

நன்றியோடு,
சார்லஸ்


சூசைபுரம்
9 ஜூன் 2025

செவந்திக்கு அப்பா எழுதுறது. மரியே வாழ்க. நீ எப்புடி இருக்க, இருமல் இல்லையே. எனக்கு மூணாப்புப் படிப்புத்தான், எழுத்துப் பெருசு பெருசா இருக்கும், பொறுத்துக்க.

நேத்து உள்ள போனேன். நல்ல காத்தாடி போட்டிருக்காக. பெஞ்சும் நல்லாருக்கு. வெளிய நின்னா பிரசங்கம் பாதிதான் கேக்கும், இப்ப முழுசும் கேக்க வேண்டியிருக்கு. அது ஒரு கொறதான், பழகிரும்.

வெளிய நின்னதுல எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. பூசையில அழுகுற பிள்ளைகளைத் தாய்மாரு எங்கிட்ட குடுத்துட்டு உள்ள போவாக. தோள்ல போட்டா தூங்கிரும். இந்த ஊர்ல இப்ப மீசை வச்சுத் திரியுறவன் பாதிப்பேரு அப்புடித் தூங்குனவன்தான். ஆண்டவருக்கு நன்றி.

நீதான் சொன்னேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வகுப்பு விட்டு வந்து அந்தப் படத்தை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்ச. ஒங்கம்மா அரிசி அள்ளப் போயி எடுத்தா. பரிசு எதுக்குக் குடுத்தாகன்னு கேட்டா, நீ பேசல. சாமி கேட்டாரு, நீ உள்ளதைச் சொன்ன. உள்ளதைச் சொல்லத்தான வகுப்புக்கு அனுப்புனேன். அதுல தப்பு இல்ல. நான் கையெழுத்துப் போட்டேன், நீ படிச்ச, அதுலயும் எனக்கு வருத்தமில்ல. இதை இன்னாசி சாமிகிட்டயும் சொல்லிட்டேன்.

சாமி, வேற ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாக. ஒண்ணு இருந்துச்சு. அன்னைக்கு நீ சாப்பிடாமப் படுத்துட்ட. நான் பார்த்தேன். எழுப்பி ஊட்டியிருக்கணும். என்ன பேசுறதுன்னு தெரியாம நானும் திரும்பிப் படுத்துட்டேன். பத்து வயசுப் பிள்ளைய வயித்துப் பசியோட தூங்க விட்டேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமி என் தோளைப் பிடிச்சுக்கிட்டாக. பெறகு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாக. சொல்லிட்டேன். அது தீர்ந்துச்சு.

இப்ப ஒங்க மடத்துல என்ன சோறு போடுறாக? வயிறு நெறையச் சாப்புடுறியா? அதை மட்டும் எழுது.

அப்பா
தங்கமுத்து